யாருக்கு மருந்து என்று கேள்

அன்புள்ள சேகர்,

கடிதமும், வேலூர் மக்களிடம் கருத்துக் கேட்க நீ தயாரித்த கேள்வித்தாளும் கிடைத்தன. "மருத்துவத்துக்குக் கஞ்சாவை அனுமதிக்கலாமா?" என்ற முதல் கேள்வியை எடுத்துவிடு. காட்பாடி ரயில்வே ஸ்டேஷனில் பிடிபட்ட கஞ்சா மூட்டைகளைப் பேப்பரில் பார்த்துப் பழகியவர்கள், 2022இல் போலீஸ் நடத்திய 'கஞ்சா வேட்டை'யை மறக்காதவர்கள், யோசிக்காமல் "கூடாது" என்பார்கள். அது தெருமுனையில் பொட்டலம் விற்கிறவனுக்குச் சொல்லும் பதில். கிரிவலப் பாதையில் சாமியார் புகைத்தால் இதே ஜனம் பார்க்காததுபோல நடந்துவிடும்!

ஆளைச் சொல்லிக் கேள்: வலிப்பு நிற்காத குழந்தை, புற்றுநோய்க்கான கீமோ வாந்தியில் சோறு இறங்காத பாட்டி, தீராத முதுகுவலிக்காரப் பையன். ஒவ்வொன்றையும் எண்ணெயாக, புகையாக என இரண்டாகப் பிரி. குழந்தைக்குப் புகை என்றால் அடிக்க வருவார்கள், அதை விடு. மீதி ஐந்தும் ஐந்து வகைச் சீட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு ஆளின் நிலைமை. வகைக்கு ஐம்பது பேராவது வேண்டும். குலுக்கி எடுத்து ஒருவருக்கு ஒரு சீட்டுதான். எல்லாவற்றையும் அடுக்கினால் முதல் பதிலைக் காப்பாற்றவே மற்றதையும் சொல்வார்கள்.

குழந்தைச் சீட்டில் கற்பனை வேண்டாம். கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் கன்னாபிடையால் திரவ மருந்தை அமெரிக்கா 2018இல் கடுமையான சில வலிப்பு நோய்களுக்கு அனுமதித்தது. போதை தராது, ஆனால் ஈரலைப் பரிசோதித்துக்கொண்டே கொடுக்க வேண்டும். இவ்வளவும் அந்தச் சீட்டில் இருக்கட்டும்.

சி.எம்.சி. ஆஸ்பத்திரி வாசலில் நின்று கேட்காதே. அங்கே வங்காளம், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் ஏராளம். கஞ்சா இலையில் செய்யும் பாங்கு அவர்களுக்குப் பண்டிகைச் சமாசாரம். 1985ஆம் வருடத்து மத்தியப் போதைப்பொருள் சட்டத்திலும் தனி இலை கஞ்சாவில் சேராது. வேலூர்க்காரர் மனசு அந்த வரிசையில் கிடைக்காது.

முஸ்லிம்கள் அதிகமுள்ள ஆம்பூர், வாணியம்பாடியில் போதை ஹராம், மார்க்கத்தில் கூடாதது என்பார்கள். உயிருக்கு நிர்ப்பந்தம் என்றால் மார்க்கத்தில் விலக்கும் உண்டு. அதனால் "வேறு எந்த மருந்துக்கும் நோய் கேட்கவில்லை என்கிறார் டாக்டர்" என்ற வரி முக்கியம். எல்லா ஊர்ச் சீட்டிலும் அதைப் போடு, இல்லாவிட்டால் ஒப்பிட முடியாது.

மாமியார் பக்கத்தில் இருந்தால் மருமகள் பதில் மாறிவிடும். மூடிய பெட்டியில், 'சரி'க்கு ஒரு நிறம், 'கூடாது'க்கு ஒரு நிறம் என்று அட்டை வில்லை போடச் சொல்; படிக்கத் தெரியாதவருக்கும் அது சுலபம். பச்சை, சிவப்பு வேண்டாம், நிறமே பதிலைச் சொல்லிக்கொடுத்துவிடும். நீலம், வெள்ளை போதும். "நீங்கள் புகைத்ததுண்டா?" என்று மட்டும் கேட்காதே: புகைப்பதே குற்றம், ஆள் எழுந்து போய்விடுவார். பெயர், போன் நம்பரும் வாங்காதே.

மொத்தமாக அச்சடிக்கும் முன் சத்துவாச்சாரியில் இருபது பேரிடம் ஓட்டிப் பார். எந்த வரியில் திரும்பக் கேட்கிறார்கள் என்று எழுதி அனுப்பு, திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
குமரன்