கதிர் பல் கடிப்பது பற்றி

சிதம்பரம்

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் கிடைத்தது. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எனக்கு நிம்மதி. இங்கே அப்பாவும் தேறிவிட்டார், காலையில் தெருமுனை வரை நடக்கிறார்.

அப்புறம், கதிர் விஷயம். அவன் ராத்திரியெல்லாம் நறநறவென்று பல்லைக் கடிப்பதால் ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில் பையன் தூங்க முடியவில்லை என்று எழுதியிருந்தாய். வயிற்றில் பூச்சி இருக்கும், மருந்து கொடு என்கிறார் அத்தை. நம் வீடுகளில் வழக்கமாகச் சொல்வதுதான். ஆனால் 20 வயதுப் பையனுக்குப் பூச்சியைத் தேடிக்கொண்டிருக்காதே. பெரியவர்களில் ஏறக்குறைய 8 பேரில் ஒருவருக்குத் தூக்கத்தில் இந்தப் பழக்கம் உண்டு. என் பல் கிளினிக்குக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகளிடம் நிறையவே பார்க்கிறேன், பரீட்சை நெருங்கினால் இன்னும் அதிகம்.

பல் வரிசை சரியில்லாததுதான் காரணம் என்று முன்பு சொல்வார்கள். இப்போது அப்படிப் பார்ப்பதில்லை. தூக்கத்தின் நடுவே மூளை சில நொடி லேசாக விழிக்கும், இதயத் துடிப்பு கூடும், அதையொட்டித் தாடைத் தசை இறுகும். தூங்குகிறவனுக்கு எதுவும் நினைவிருக்காது. அதனால் தூக்கத்தைக் கெடுப்பதெல்லாம் இதையும் கூட்டும். அரியர் பயம், நடுராத்திரி காபி, சிகரெட், குடி என்று எதுவானாலும் சரி. குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருகிறதா என்று அந்தப் பையனிடம் கேட்டுச் சொல். மனப்பதற்றத்துக்குக் கொடுக்கும் செர்ட்ராலின் போன்ற மாத்திரைகளாலும் சிலருக்கு வருவதுண்டு. கதிர் உனக்குச் சொல்லாமல் ஏதாவது எடுத்துக்கொண்டிருந்தால் கோபப்படாதே. அவனாக நிறுத்தவும் வேண்டாம், எழுதிக்கொடுத்த டாக்டரிடமே பேசட்டும்.

பகலில் கடிப்பது வேறு கதை. போன வாரம் ஒரு மாணவி கிளினிக்கில் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தாள். யோசிக்கும்போதெல்லாம் காது ஓரத்தில் தாடைத் தசை புடைத்துப் புடைத்து அடங்கியது. அவளுக்கு அது தெரியவே இல்லை. நாக்கை நீட்டச் சொன்னேன், இரண்டு ஓரத்திலும் பல் பதிந்த தடம். வாய் சும்மா இருக்கும்போது உதடு மூடியிருக்கலாம், ஆனால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடக் கூடாது, நடுவே 2, 3 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். லேப்டாப் ஓரத்தில் ஒரு கலர் பொட்டு ஒட்டிக்கொள், அதைப் பார்க்கிறபோதெல்லாம் தாடையைத் தளர்த்து என்று சொல்லி அனுப்பினேன். கதிரும் செய்து பார்க்கட்டும்.

நைட் கார்டு, அதாவது தூங்கும்போது பல்லில் மாட்டிக்கொள்ளும் உறை பற்றிக் கேட்டிருந்தாய். அது பல் தேயாமல் காக்கும், கடிப்பதை நிறுத்தாது. கடிப்பதை நிறுத்துகிறேன் என்று யாராவது பல்லை ராவ வந்தால் சம்மதிக்காதே. மற்றபடி ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு இதை ஒரு நோயாகவே கருத வேண்டாம் என்றுதான் 2018-இல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து எழுதினார்கள். காலையில் தாடை வலி, நெற்றிப்பொட்டு வலி, பல் கூச்சம் எதுவும் இல்லையென்றால் அவசரமே இல்லை.

எனக்குப் பல்லை விட அவன் தூக்கம்தான் கவலை. ராத்திரி 2 மணிக்கும் வாட்ஸப்பில் இருக்கிறான் என்று நீயே எழுதியிருக்கிறாய். செமஸ்டர் லீவில் இங்கே அனுப்பு. பல்லை நான் பார்க்கிறேன், மனதில் இருப்பதையும் அவனிடம் மெதுவாகக் கேட்கிறேன். சின்னதிலிருந்தே என்னிடம் எதையும் மறைக்க மாட்டான்.

அன்புடன்,
சுமதி