கவனக்குறைவு யாருடையது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினிப் பதிவுகளில் வரும் பிழைகளைப் பற்றி ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிழையெல்லாம் தட்டச்சு செய்யும் ஊழியரின் கவனக்குறைவாம். பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடுமாம். கட்டுரையாளர் ஒரு நாளாவது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பாரா என்பது உங்களுக்குத்தான் வெளிச்சம்.

ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில், கணவாயும் நண்டும் வாங்கும் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். கரையிலிருந்து வரும் சீட்டில் படகு, சரக்கு, எடை, விலை என்று வரிசை. திரையில் விலை முதலில், எடை எங்கோ அடியில். டேப் தட்டினால் அடுத்த கட்டத்துக்குப் போகாமல் தேதிக்குத் தாவும். சரக்குப் பட்டியலைத் திறந்தால் ஆங்கில அகரவரிசையில் உலகத்து மீனெல்லாம் நிற்கும். தினமும் வாங்கும் நாலைந்தை மேலே வைக்க யாருக்கும் தோன்றவில்லை. ‘சேவ்’ பொத்தானும் ‘க்ளியர்’ பொத்தானும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கின்றன.

தேதிக் கதையைக் கேளுங்கள். ஜூலை 5ஆம் தேதி வந்த விசைப்படகுக் கணவாயை 05/07 என்று அடித்தேன். மாதத்தை முன்னால் வைக்கும் அந்த மென்பொருள் மே 7 என்று எடுத்துக்கொண்டது. இங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலில் இறங்காது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. தடைக்காலத்தில் சரக்கு எப்படி வந்தது என்று தணிக்கைக்கு வந்தவர் என்னைத்தான் கேட்டார், மென்பொருள் செய்தவரை அல்ல. மாதத்தை எழுத்தில் காட்டியிருந்தால் நானே அங்கேயே பார்த்துத் திருத்தியிருப்பேனே!

ஜி.எஸ்.டி. எண்ணும் அப்படித்தான். மொத்தம் 15 இடம். முதல் இரண்டு மாநிலக் குறியீடு, நமக்கு 33. அடுத்த பத்தும் பான் எண். இதை ஒரு தடவை அடித்தால் மாநிலக் கட்டமும் பான் கட்டமும் தானாக நிரம்பலாம். கடைசி இடம் இருப்பதே சரிபார்ப்பதற்குத்தான். ஆனால் மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு, பக்கம் முழுக்க முடித்த பிறகு உச்சியில் சிவப்பாக ‘தவறான உள்ளீடு’ என்று மட்டும் சொல்லும். எந்தக் கட்டம்? அது ரகசியம். அதற்குள் நெட் போய்விட்டால் அடித்ததெல்லாம் போச்சு.

இதையெல்லாம் விசாரிக்க உங்கள் நிருபர் இங்கே வரமாட்டார். இலங்கைக் கடற்படை மீனவர்களைப் பிடித்தால் வருவார்; 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்தபோது வந்தார். மற்ற நாட்களில் நாங்கள் இருக்கிறோமா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? நான் முன்பு எழுதிய கடிதங்களும் வெளிவரவில்லை. பரவாயில்லை, உங்களுக்கு இடநெருக்கடி இருக்கும்.

கட்டுரையாளருக்குப் பதில் எழுதச் சொல்லி நான் கேட்கவில்லை. உங்கள் இணையச் சந்தாப் படிவத்தில் ‘குடும்பப் பெயர்’ கட்டத்தைக் கட்டாயமாக்கி வைத்திருக்கிறீர்கள். அப்பா பெயரின் முதலெழுத்தை மட்டும் போட்டுக்கொள்ளும் ஊரில் அந்தக் கட்டத்தில் எதை எழுதுவது? ஒற்றை எழுத்தைப் போட்டால் போதாது என்கிறது. புள்ளி வைத்தால் கூடாது என்கிறது. கடைசியில் என் பெயரையே இரண்டு தடவை எழுதித்தான் சந்தா கட்டினேன். அந்த நட்சத்திரக் குறியை மட்டுமாவது எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கணக்கர், மண்டபம்
(பெயர் போட வேண்டாம், எங்கள் முதலாளியும் உங்கள் வாசகர்தான்.)