கட்டாய லீவும் பால்வெட்டும்

மக்கா,

உன் வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். நான் வேலையை விட்டுவிட்டதாக உனக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும், மார்த்தாண்டம் சந்தையில் அம்மாவைப் பார்த்த அந்த ஆள்தானே? அவர் காதில் ஒரு சங்கதி விழுந்தால் மறுநாளே மஸ்கட்டில் உன் காதுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். வங்கி வேலையை விடவில்லை. நீண்ட லீவில் இருந்தேன், இப்போது திரும்பிப் போய்ச் சில வாரம் ஆகிறது.

மார்ச் கணக்கு முடிந்ததும் ஒரு வாரம் நன்றாகத் தூங்கினால் எனக்குச் சரியாகிவிடும், உனக்கே தெரியும். இந்த வருஷம் ஆகவில்லை. தூங்கி எழுந்தாலும் களைப்பு. நகைக் கடனுக்கு வந்து நிற்கிற வயசான அம்மாக்களிடம் முன்பு பேத்தி கல்யாணம் வரை விசாரிப்பேன், இப்போது நிமிர்ந்துகூடப் பார்க்காமல் 'அடுத்தது யாரு' என்கிறேன். வங்கிக்கு வருகிறவர்களிடம் இன்சூரன்ஸ் எத்தனை பிடித்தாய் என்று ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஆபீஸ் குரூப்பில் கேட்பார்கள், பதில் போட்டுவிட்டுக் கண் மூடினால் தூக்கம் வராது. சின்ன வட்டிக் கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்த்தாலும் சரியாகத்தான் போட்டிருக்கிறேனா என்று சந்தேகம்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தன் நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பில் பர்ன்அவுட்டை, அதாவது வேலையால் ஆள் ஓய்ந்துபோவதைப் பற்றி எழுதியபோது ஏறக்குறைய இந்த மூன்றைத்தான் சொல்லியிருக்கிறது: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனசு விலகி எரிச்சலோ அவநம்பிக்கையோ வருவது, நம்மால் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை என்ற எண்ணம். இதை அவர்கள் நோய் என்று சொல்லவில்லை. வேலை இடத்து அழுத்தம் நாள்பட்டு, அதைச் சரியாகக் கையாளாமல் விட்டதால் வருவது என்கிறார்கள். எனக்கு அது பெரிய ஆறுதல், ஏனென்றால் வீட்டில் ஆளாளுக்கு 'மனசத் தைரியமா வச்சுக்கோ' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள், ஏதோ நான் தைரியம் இல்லாமல் படுத்துக் கிடக்கிற மாதிரி.

நாகர்கோவிலில் ஒரு டாக்டரைப் பார்த்தேன். அவர் பேச்சை நீட்டாமல் முதலில் ரத்தம் எடுக்கச் சொன்னார். தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை, பி12. இதில் எது கோளாறு என்றாலும் இதே களைப்பு வருமாம். எனக்கு பி12 குறைவு, அதற்கு மாத்திரை. அப்புறம் அவர் கேட்ட கேள்விதான் முக்கியம்: வேலை இல்லாத நேரத்திலும் எதிலும் ருசி இல்லையா, செத்துப் போகலாம் என்று எண்ணம் வருகிறதா? அப்படி இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், அதற்கு வைத்தியம் வேண்டும், லீவு போட்டால் மட்டும் போகாது என்றார். எனக்கு அப்படி இல்லை. சாளைக் குழம்பும் மரச்சீனியும் வைத்தால் இன்னமும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கித்தான் தின்கிறேன்.

லீவு கிடைத்த கதை வேடிக்கையானது. வங்கிகளில் முக்கியப் பொறுப்பில் இருப்பவர்களை வருஷத்துக்கு ஒருமுறை, முன்கூட்டிச் சொல்லாமல், சேர்ந்தாற்போல் 10 வேலை நாளுக்குக் குறையாமல் லீவில் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது, 2021-ல் அதைத் திருத்தி வெளியிட்டார்கள். அந்த நாட்களில் அலுவலக மெயில் தவிர வேலை சம்பந்தப்பட்ட எதையும் நாம் தொடக்கூடாது. எதற்குத் தெரியுமா? ஆள் இல்லாதபோது தில்லுமுல்லு இருந்தால் வெளியே வரட்டும் என்று. திருடனைப் பிடிக்கப் போட்ட விதிதான் எனக்கு வாய்த்த நல்ல ஓய்வு! நம் நன்மைக்கென்று இப்படி ஒரு விதி யாராவது போடுவார்களா சொல். அதோடு சேர்ந்திருந்த சம்பள லீவும் (பி.எல்.) கொஞ்சம் சேர்த்துக்கொண்டேன்.

ஆனால் ஓய்வு உடனே வரவில்லை. முதல் நாட்களில் சட்டைப் பையில் போன் அதிர்கிற மாதிரியே இருக்கும், எடுத்துப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. சும்மா கிடந்து ரீல்ஸ் தள்ளினால் சாயங்காலம் இன்னும் களைப்பு. எண்ணெய் போட்டு உடம்பு பிடித்துவிடுகிற உழிச்சலுக்குப் போ என்றார்கள், போனேன், முதுகு வலி போனது, திங்கட்கிழமைப் பயம் அப்படியே இருந்தது. திற்பரப்பு அருவிக்கு ஞாயிற்றுக்கிழமை போனால் அங்கே நம் கிளையைவிடக் கூட்டம்.

கடைசியில் உதவியது அப்பாவின் ரப்பர் தோட்டம்தான். நமக்குக் கொஞ்சம்தான் மரம், குலசேகரம் பக்கத்தில், நீ வந்திருக்கிறாய். விடியும் முன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரத்தைச் சீவி ரப்பர்ப் பால் எடுக்கிற, பால் வெட்டுகிற அண்ணனோடு போய் நின்றேன், ஒருநாள் கத்தியை என் கையில் கொடுத்துவிட்டார். பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும், ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், மேலோட்டமாகப் போனால் பால் வராது. அதில் கவனம் போனால் வேறு எதுவும் தலைக்குள் நுழையாது. சபீனே சொன்னென்டாக் என்ற ஜெர்மன் உளவியலாளரும் இதைத்தான் சொல்கிறார்: வேலையிலிருந்து மீள்வதற்கு உடம்பு ஓய்ந்தால் மட்டும் போதாது, மனசும் வேலையை விட்டு இறங்க வேண்டும், புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வதும் நம் நேரம் நம் கையில் இருப்பதும் அதற்குக் கைகொடுக்கும்.

அந்த அண்ணன் ஒரு மரத்தைக் காட்டினார். வெட்டினால் சிரட்டையில் சொட்டு விழவில்லை. இலை எல்லாம் பச்சையாக, பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்ட வேண்டியதை, விலை ஏறியபோது முன்பு இருந்தவர் தினமும் வெட்டிவிட்டாராம், பட்டை வறண்டுவிட்டது. உரம் போட்டால் சரியாகுமா என்று கேட்டேன். 'கத்திய வைக்காம விடணும் தம்பி, மாசக்கணக்குல. அப்பவும் எல்லா மரமும் திரும்பாது' என்றார். இலை உதிர்கிற காலத்தில் நல்லா இருக்கிற மரத்துக்கும் வெட்டு நிறுத்துவார்கள், அது காய்வதற்கு முன்னாலேயே. நமக்குத்தான் படுத்த பிறகு லீவு.

திரும்பிப் போனபோது இதை மனசில் வைத்துக்கொண்டுதான் மேலதிகாரியிடம் பேசினேன். எட்டு மணிக்கு மேல் குரூப் பார்க்க மாட்டேன், அவசரம் என்றால் போன் பண்ணுங்கள் என்றேன். முகம் சுளித்தார், ஆனால் இதுவரை ராத்திரியில் ஒரு போனும் வரவில்லை, அப்படியானால் அத்தனை நாளும் என்ன அவசரம் என்று எனக்கு விளங்கவில்லை. இன்சூரன்ஸ் டார்கெட் குறையவில்லை, அது குறையாது. இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை வங்கி லீவு, அதில் ஒன்றை யாருக்கும் கொடுப்பதில்லை, கல்யாண வீட்டுக்குக்கூட. சித்திக்குக் கோபம், சரி, இருக்கட்டும். சிதறால் மலைக்கு ஏறுவேன், இல்லாவிட்டால் மாத்தூர் தொட்டிப்பாலம் பக்கம் சானல் கரையில் நடப்பேன்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ மெசேஜ் அனுப்பியது உன் ஊர் நேரத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு. சைட்டில் உன்னோடு வேலை பார்க்கிற பையன்களைப் பார்த்தாலே எரிச்சலாக வருகிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னாய், எனக்குச் சிரிப்பு வரவில்லை. பையன்களிடம் நீ அப்படிப் பேசுகிற ஆள் இல்லை. போன வருஷமும் லீவை விட்டுக்கொடுத்துக் காசாக வாங்கிவிட்டாய். வீட்டுக் கடன் இருக்கிறது, தெரியும், அந்தக் கணக்கை என்னிடம் அனுப்பு, தவணையை மாற்றி அமைக்க வழி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன், அது என் தொழில்தானே. அதற்குள் அங்கேயே ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிடு. உன் தம்பி ராத்திரியெல்லாம் அழுகிறான் என்றாயே, அவன் ஊரில்தானே இருக்கிறான், 14416-க்குப் பேசச் சொல், டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், காசு கிடையாது, எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

டிக்கெட் தேதியை இந்த வாரமே முடிவு பண்ணிச் சொல். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு நானே வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன், நாலாவது சனிக்கிழமையாக இருந்தால் ரொம்ப வசதி.