லார்ப் விளையாட்டும் கரப்புடுப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கற்பனை உலகொன்றின் அரசனாகவோ மாயாவியாகவோ வேடம் பூண்டு, எழுதிவைத்த வசனமும் பார்வையாளரும் இல்லாமல் நாள் முழுவதும் அந்தப் பாத்திரமாகவே நடமாடுவது ‘லார்ப்’ விளையாட்டு. மட்டக்களப்பில் இதைத் தொடங்க விரும்பும் இளைஞர்கள் முதலில் செய்யும் பிழை, படத்தில் கண்ட உடுப்புக்காகப் பாத்திரத்தைத் தெரிவுசெய்வது. இங்கிலாந்தின் பெக்ஃபோர்டன் கோட்டையில் 1982 இல் தொடங்கிய ஆட்டம் இதன் முன்னோடிகளுள் ஒன்று. அந்தக் குளிருக்குப் பொருந்தும் கம்பளி அங்கியையும் தோல் சப்பாத்தையும் போட்டுக்கொண்டு ஆடி மாதக் கச்சான் வெப்பக்காற்றில் கல்லடிக் கடற்கரையில் ஓடினால் மயக்கம்தான் வரும்.

கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் ‘சட்டம்’ கொடுக்கும்போது, அதாவது வேடங்களைப் பங்கிடும்போது, ஆளின் குரலையும் உடல்வாகையும்தான் பார்க்கிறார். உடுப்பு பிறகு வருவது. கூத்தின் இரு ஆட்டப் பாணிகளுள் ஒன்றான வடமோடியில் அரசன் அணியும், கூடைபோல் விரிந்த கரப்புடுப்பு பாரமானது. ஆனாலும் தன் ஆட்டம் முடிந்தால் களரியை விட்டுப் போய் இளைப்பாறலாம். லார்ப்பில் அந்த வசதி கிடையாது. ஆகவே மற்றப் பாணியான தென்மோடியின் இலேசான உடுப்பே நமக்கு நல்ல முன்மாதிரி.

பாத்திரத்தைத் தெரிவுசெய்யும்போது இரண்டு கேள்விகள் போதும்: இவனுக்கு என்ன வேண்டும்? களத்தில் இவனைத் தெரிந்த இருவர் யார்? பதில் இல்லாதவர் மரநிழலில் தனியே குந்தியிருக்க நேரும். யாரோடும் பேசாத மர்ம வீரன் புதியவர்களுக்குப் பிடித்த வேடம். அவர்களுக்கு மிகவும் பொருந்தாத வேடமும் அதுவே. வைத்தியர், வியாபாரி, தூதுவன் என்றால் மற்றவர்களே தேடி வருவார்கள். மாயாவிக்கு மந்திர விதிகள் மனப்பாடமாக இருக்க வேண்டும். மூச்சு வாங்குகிறவருக்குப் போர்வீரன் வேண்டாம்.

துணிக்குப் பருத்தி. மருதமுனைக் கைத்தறிச் சாரமும் பழைய நூல் சீலையும் போதும். ஒரு சீலையில் மேலங்கியும் இடைக்கச்சும் வெட்டலாம். வெட்டுமுன் ஒருமுறை நனைத்துக் காயவையுங்கள், இல்லாவிட்டால் முதற் சலவையிலேயே சுருங்கிப் பிடிக்கும். பொலியெஸ்டர் வியர்வையை உறிஞ்சாது, வீட்டுச் சாயமும் அதில் ஏறாது. அங்கியின் கீழ்க்கரை கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே நிற்கட்டும். படையினர் உடையை ஒத்த புள்ளித் துணியை எந்த வேடத்துக்கும் எடுக்க வேண்டாம். கோயில் தெய்வங்களின் கோலமும் விளையாட்டுக்கு உரியதல்ல.

கவசத்துக்குப் பிள்ளைகளின் விளையாட்டுப் பாயாக விற்கும் ஈவிஏ நுரைத்தட்டு நல்லது. 10 மில்லிமீற்றர் தடிப்பு இங்கே உடலை வேகவைக்கும். 5 அல்லது 6 போதும். முதலில் பழைய பத்திரிகைத் தாளில் அச்சு வெட்டி உடலில் கட்டி, கையைத் தூக்கியும் குனிந்தும் குந்தியும் பாருங்கள். நெஞ்சுத் தட்டையும் முதுகுத் தட்டையும் ஒட்டாமல், விலாவில் இரண்டு அங்குல இடைவெளி விட்டு நாடாவால் கட்டினால் காற்று போகும். சப்பாத்து ஒட்டும் பசையை இரு பக்கமும் பூசி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை, ஏறக்குறைய 10 முதல் 15 நிமிடம், பொறுத்துத்தான் அழுத்த வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே அகப்பட்ட கரைப்பான் மூட்டைப் பிரிக்கும். மாரியில் இன்னும் நேரம் எடுக்கும். இதே பசையை ரெஜிஃபோம் என்ற வெள்ளை நுரைப்பலகையில் பூசினால் அது கரைந்து குழிவிழும். பலருடைய கிரீடம் கெடுவது இதனால்தான். வண்ணத்துக்கு முன் வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்து மூன்று தடவை பூசி, அதன்மேல் அக்ரிலிக் தீட்டுங்கள். எனாமல் பெயின்ற் வளையும் இடங்களில் வெடிக்கும். முடிந்த கவசத்தை வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் விட்டுவிட்டால் உருவம் குலைந்துவிடும்.

வாளின் உள்ளே அரை அங்குல பிவிசி குழாய் வைத்தால் இரு முனையையும் மூடியால் அடைக்க வேண்டும். நுனியில் குழாயைத் தாண்டி இரண்டு அங்குலமாவது வெறும் நுரை இருக்கட்டும். அப்படியிருந்தும் குத்தக் கூடாது. தலையிலும் கழுத்திலும் அடிவயிற்றுக்குக் கீழும் வீசவும் கூடாது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் நுனியைப் பிசைந்து பாருங்கள். குழாய் விரலில் தட்டுப்பட்டால் அந்த வாளை ஒதுக்கிவிடுங்கள். களம் பொதுவெளி என்றால் கிராம சேவையாளருக்கும் பொலிசுக்கும் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

முகப்பூச்சில்தான் எங்களுக்குப் பெரிய கவலை. ‘அரிதாரம் பூசுதல்’ என்ற பழைய சொல்லை நம்பி மருந்துக் கடையில் அரிதாரமோ சாதிலிங்கமோ வாங்கிவிட வேண்டாம். முன்னது ஆர்சனிக் சேர்ந்தது, பின்னது பாதரசம் சேர்ந்தது. தோலுக்கென விற்கும் பூச்சையே வாங்குங்கள். முதல்நாள் முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசிப் பாருங்கள்; மறுநாள் தடிப்போ அரிப்போ இருந்தால் அதை முகத்தில் தொடவே வேண்டாம். ஆட்டம் முடிந்ததும் தேங்காயெண்ணெய் தடவி, பழைய பருத்தித் துணியால் துடைத்த பின்பே சவர்க்காரம் போடுங்கள்.

இப்படிக்கு,
கூத்து உடுப்புக் கட்டுவோர் சிலர்,
மட்டக்களப்பு.