முப்பது லட்சம் சம்பளமும் மாதக் கடைசியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "ஆண்டுக்கு 30 லட்சம் வாங்குகிறவருக்கு என்ன பணக்கஷ்டம்?" என்று கேட்பவர்கள், அந்தத் தொகையைப் பன்னிரண்டால் வகுத்து மாதம் இரண்டரை லட்சம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். வேலையில் சேரும் அன்று அந்த ஊழியரும் அப்படித்தான் எண்ணுகிறார். வீட்டுக் கடனையும் அந்த எண்ணத்திலேயே வாங்குகிறார். கோளாறு அங்கேதான் ஆரம்பம்.

சென்னை ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கும் ஒருவரின் சம்பளச் சீட்டைப் பிரித்துப் பார்ப்போம். சிடிசி, அதாவது நிறுவனம் அவருக்காக ஆண்டுக்குச் செலவிடும் மொத்தத் தொகை, 30 லட்சம். அதில் அடிப்படைச் சம்பளம் 12 லட்சம் என்று கொள்வோம். நிறுவனம் செலுத்தும் வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.) 1,44,000. வேலையை விட்டுப் போகும்போது தரும் பணிக்கொடை (கிராஜுவிட்டி) 57,720. வேலைத் திறனைப் பொறுத்துக் கூடக் குறையத் தரும் வேரியபிள் பே 3 லட்சம். இந்த மூன்றும் சிடிசியில் இருக்கும், மாதச் சம்பளத்தில் இருக்காது. மீதியை வகுத்தால் மாதம் 2,08,190. அதிலிருந்து ஊழியர் பங்கு பி.எஃப். 12,000 போகும். 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையில் வருமான வரி சுமார் 26,600. தொழில் வரி அரையாண்டுக்கு 1,250. கடைசியில் வங்கிக் கணக்கில் விழுவது 1,69,000 சொச்சம். ஆண்டுக் கடைசியில் வேரியபிள் பே முழுதாகவே வந்தாலும் 31.2 சதவீதம் வரிக்குப் போய் 2,06,400தான் மிஞ்சும்.

இன்னொன்று: வீட்டுக் கடன் வாங்கினால் வரி மிச்சம் என்ற பேச்சு இன்னும் ஓய்ந்தபாடில்லை. புதிய வரி முறையில், குடியிருக்கும் சொந்த வீட்டின் கடன் வட்டிக்கும் வாடகைப் படிக்கும் விலக்கே கிடையாது.

இப்போது வீடு. 80 லட்சம் கடன், 20 ஆண்டு, 8 சதவீத வட்டி என்றால் மாதத் தவணை 66,900. முதல் தவணையில் வட்டி 53,333 போக, அசலுக்குச் சேருவது பதின்மூன்றரை ஆயிரம்தான். 75 லட்சத்துக்கு மேற்பட்ட கடனில் வீட்டு மதிப்பின் 75 சதவீதத்துக்கு மேல் வங்கி தரக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆகவே இந்தக் கடனோடு கைக்காசும் ஏறத்தாழ 27 லட்சம் வேண்டும். பத்திரச் செலவு அதற்கு மேல். இந்த இடைவெளியை பர்சனல் லோனும் நகைக் கடனும் போட்டு அடைப்பவர்கள்தான் பிற்பாடு மூச்சுமுட்டுகிறார்கள்.

தவணையோடு நின்றுவிடுவதில்லை. 1,300 சதுர அடிக்குப் பராமரிப்பு, சதுர அடிக்கு 4 ரூபாய் வீதம் 5,200. இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் ஆண்டுக்கு 2,40,000 என்றால் மாதம் 20,000. ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு 15,000, அவர்கள் மருத்துவக் காப்பீட்டுக்கு 5,000, கார் தவணை 18,000. கூட்டினால் 1,30,100. மிச்சம் 39,000. அரிசி பருப்பு, பால், பெட்ரோல், வீட்டு வேலை செய்பவருக்குச் சம்பளம் எல்லாம் இனிமேல்தான். கோடையில் ஏ.சி. ஓடி, இரண்டு மாத மின்சாரம் 500 யூனிட்டைத் தாண்டினால், கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் சேர்த்தே கட்டண விகிதம் மாறிவிடும்.

மேலே பள்ளிக் கட்டணத்தை மாதக் கணக்கில் எழுதினேன். நடைமுறையில் அப்படி யாரும் எடுத்துவைப்பதில்லை. ஜூனில் பள்ளிக்கூடம், அரையாண்டுக்கொரு முறை சொத்து வரி, கார் இன்சூரன்ஸ் என்று மொத்தமாக வந்து விழும்போது கிரெடிட் கார்டு வெளியே வருகிறது. "மினிமம் டியூ" எனப்படும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் வட்டி ஆண்டுக்கு 40 சதவீதத்தை ஒட்டிப் போகும். நல்ல சம்பளக்காரர்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

வட்டி உயர்வின் ஆபத்தையும் பலர் உணர்வதில்லை. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள், ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதம் 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமானது. வீட்டுக் கடன் வட்டியும் அதையொட்டியே ஏறியது. 6.75 சதவீதத்தில் 20 ஆண்டுக்கு 80 லட்சம் வாங்கியவரின் தவணை 60,829. வட்டி 9.25 ஆனபோது நிலுவை 78.5 லட்சம் என்றால் மாத வட்டியே 60,510. அசலுக்குப் போனது முந்நூற்றுச் சொச்சம்! வங்கி தவணையை ஏற்றாமல் காலத்தை நீட்டிவிட்டதால் கடன் வாங்கிய பலருக்கு அப்போது இது தெரியவே இல்லை. வட்டி மாறும்போதெல்லாம் வங்கியிடம் மீதத் தவணைகள் எத்தனை என்று கேட்டு வாங்க வேண்டும்.

இதை வறுமை என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அதே குடியிருப்பில் மாடிப்படி பெருக்கும் அம்மாவுக்கு பி.எஃப்.கூடக் கிடைப்பது அரிது. இவருக்கோ மாதம் 24,000 பி.எஃப். சேர்கிறது, வீட்டின் அசலும் மெல்லக் குறைகிறது. சொத்து வளர்கிறது, கையில் புழங்கும் பணம்தான் இல்லை. சம்பளம் நின்றால் எத்தனை மாதம் தாக்குப்பிடிக்க முடியும் என்பதே இவருக்கான சரியான கேள்வி. ஆறு மாதச் செலவு தனிக் கணக்கில் இல்லாதவர் கார் தவணைக்குள் போகக் கூடாது. வீட்டுத் தவணை கைக்கு வரும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. மேலே சொன்னவருக்கு அது 56,000. அதற்குக் கிடைக்கும் கடன் 67 லட்சம்தான், 80 அல்ல.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். கல்லூரி வளாகத் தேர்வுச் செய்திகளில் "ஆண்டுக்கு இத்தனை லட்சம்" என்று போடும்போது, பக்கத்திலேயே மாதம் கைக்கு வரும் தொகையையும், அதில் வேரியபிள் பே எவ்வளவு என்பதையும் கேட்டு வாங்கி அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
சம்பளப் பட்டியல், வருமான வரிப் பணியில் உள்ள வாசகர்,
மடிப்பாக்கம், சென்னை.