மூன்று வயதில் தோற்கும் பள்ளி

ஆசிரியருக்கு வணக்கம்.

தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளை இலவசமாகச் சேர்க்கக் கல்வி உரிமைச் சட்டம் தரும் 25 சதவீத ஒதுக்கீட்டுக்கு யார் பணம் தருவது என்று மத்திய அரசும் மாநில அரசும் மல்லுக்கட்டியதில், 2025ஆம் ஆண்டு சேர்க்கை அக்டோபர் வரை இழுத்தது. மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழகம் கையெழுத்திடவில்லை என்பதற்காக, மாநிலத்துக்கு வரவேண்டிய கல்வி நிதி 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்திவைத்தது அடாவடி. அதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. ஆனால் நடக்கும் தூரத்தில் அரசுப் பள்ளி இருக்க, கூலி வேலை செய்பவரின் பிள்ளைக்கும் தனியார் பள்ளி இடம் ஏன் தேவைப்படுகிறது என்று இந்தச் சண்டையில் யாரும் கேட்டு நான் பார்க்கவில்லை.

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். ஆண்டுதோறும் கோடையில் நோட்டீசும் கையுமாக வீடு வீடாகப் போவோம். ஆசிரியர்களிடையே இதற்குப் பெயர் 'பிள்ளை பிடிப்பது'. ஐந்து வயதுப் பிள்ளை இருக்கிறதா என்று கேட்டால், "அவன் எல்.கே.ஜி., யு.கே.ஜி. இரண்டும் முடித்துவிட்டானே சார்" என்பார்கள். எங்கள் வாசல் ஐந்து வயதில் திறக்கிறது. தனியார் பள்ளியின் வேன் மூன்று வயதிலேயே தெருமுனைக்கு வந்துவிடுகிறது. போதாததற்கு அந்த எல்.கே.ஜி. இடத்துக்கு அரசே கட்டணமும் கட்டுகிறது. இரண்டு வருடம் டை கட்டிப் பழகிய பிள்ளையை எந்தத் தாய் திரும்ப அழைத்து வருவாள்?

ஒதுக்கீட்டை எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பக்கத்தில் அரசுப் பள்ளி இருந்தால் ஒதுக்கீடு கிடையாது என்று மகாராஷ்டிரம் 2024இல் விதியை மாற்றிப் பார்த்தது. மும்பை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பணக்காரப் பிள்ளையும் ஏழைப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும் என்ற அந்தச் சட்டத்தின் ஆசை நல்ல ஆசைதான். ஆனால் எங்கள் பக்கத்து நர்சரிப் பள்ளிகளில் உட்கார்ந்திருப்பது ஏழைப் பிள்ளையும் அவனைவிடக் கொஞ்சம் குறைவான ஏழைப் பிள்ளையும். வேனுக்கும் சீருடைக்கும் நகையை அடகு வைத்த வீடுகள் எனக்குத் தெரியும். அந்த இலவசமும் எட்டாம் வகுப்போடு முடிகிறது. அப்படித் திரும்பி ஒன்பதாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு வருகிற பிள்ளைக்கும் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு என்று 2020ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். திரும்பி வருவார்கள் என்று அரசுக்கே தெரிந்திருக்கிறது!

2019இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். அப்போது தெருவில் எங்களைக் கூப்பிட்டு விசாரித்த தாய்மார்களை இப்போதும் நினைவிருக்கிறது. 2022இல் அதை மூடப்போவதாகச் செய்தி வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் தொடரும் என்றார்கள், மதிப்பூதிய ஆசிரியர்களைக் கொண்டு. அடுத்த ஆண்டே காலை உணவுத் திட்டம் சுமார் 31 ஆயிரம் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. விடிவதற்குள் அத்தனை பள்ளிக்கும் பொங்கலும் உப்புமாவும் கொண்டுசேர்க்கத் தெரிந்த அரசுக்கு, அதே பள்ளிகளில் முறையான ஊதியத்தோடு ஒரு மழலையர் ஆசிரியரை அமர்த்த முடியாதா? வரும் பட்ஜெட்டில் இதற்கு எவ்வளவு ஒதுக்கப்போகிறார்கள் என்று ஆளுங்கட்சியையும் எதிர்க்கட்சியையும் உங்கள் நிருபர்கள் கேட்டு எழுத வேண்டும்.

– ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்,
விழுப்புரம் மாவட்டம்.