வேப்பூர் அருகே அன்றிரவு துணை நின்றவர்களுக்கு நன்றி

கடந்த சனிக்கிழமை இரவு, விழுப்புரத்திலிருந்து திருச்சிக்குத் திரும்பும் வழியில், வேப்பூரைத் தாண்டித் தொழுதூர் வருமுன் டீசல் தீர்ந்து எங்கள் கார் நின்றபோது உதவிக்கு வந்த அனைவருக்கும் என் குடும்பத்தின் சார்பில் இம்மடலை எழுதுகிறேன். உளுந்தூர்பேட்டையிலேயே டீசல் குறைவதைக் காட்டும் விளக்கு எரிந்தும், அடுத்த பங்க்கில் போட்டுக்கொள்ளலாம் என்று நான் வந்தது என் தவறு.

முதல் நன்றி, தம் லாரியை ஓரங்கட்டிவிட்டு எங்களிடம் ஓடிவந்த நாமக்கல் ஓட்டுநர் அண்ணனுக்கு. பதற்றத்தில் நான் சாவியைத் திரும்பத் திரும்பத் திருகிக்கொண்டிருக்க, அவர் கேட்ட முதல் கேள்வி, "உள்ள யாரு இருக்கா தம்பி?" என்பதே. எழுபத்தொரு வயதான என் தாயாரையும் மகளையும் இடப்பக்கக் கதவு வழியாக இறக்கி, சாலையோரத் தடுப்புக்கு அப்பால் உட்காரவைத்த பிறகுதான் அவர் வண்டியின் பக்கம் திரும்பினார். டிக்கியை ஒட்டி நான் வைத்திருந்த சிவப்பு முக்கோணத்தை எடுத்துப்போய் அறுபது எழுபது காலடி தூரம் பின்னால் நிறுத்தி, அதற்கும் பின்னால் வேலித் தழைகளை ஒடித்துப் போட்டார். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரே நொடியில் ஏறத்தாழ 28 மீட்டரைக் கடந்துவிடும் என்பதை எண்ணும்போது, அந்தச் சில நிமிட வேலை எங்கள் உயிரைக் காத்தது என்றே நம்புகிறேன்.

அவர் சொல்லித்தான் 1033 என்ற நெடுஞ்சாலை உதவி எண்ணை அழைத்தேன். கிலோமீட்டர் கல்லில் இருந்த எண்ணைப் படித்துச் சொன்னதும், இடத்தைப் புரிந்துகொண்டு ரோந்து வாகனத்தை அனுப்பிய அந்தத் தங்கைக்கு நன்றி. வந்த ஊழியர் இருவரில் ஒருவர் எங்களுக்குக் காவலாக நிற்க, மற்றவர் என் தம்பியைத் தொழுதூர்ப் பக்கம் அழைத்துச் சென்றார். தண்ணீர் பாட்டிலில் டீசல் தர மறுத்த பங்க் ஊழியர் மீது எனக்குச் சிறிதும் வருத்தமில்லை. கசிந்து வண்டிக்குள் கொட்டும் பாத்திரத்தில் எரிபொருள் தராதது அவருடைய பொறுப்புணர்வு. ஓட்டுநர் அண்ணன் கொடுத்தனுப்பிய தகரக் கேனில் 5 லிட்டர் ஊற்றிக் கொடுத்தார்.

டீசலை ஊற்றியதும் வண்டி கிளம்பிவிடும் என்றிருந்தேன். "ஏர் புடிச்சிருக்கும், செல்ஃப் அடிக்காதீங்க" என்று அண்ணன் தடுத்தார். டேங்க் வறண்டால் குழாய்க்குள் காற்று புகுந்துவிடும் என்றும், பம்ப்பின் உள்பாகங்களுக்கு டீசலே எண்ணெய்ப் பசையாவதால் வறட்சியாகச் சுற்றினால் அவை தேய்ந்துவிடும் என்றும் பொறுமையாக விளக்கினார். பானெட்டைத் திறந்து, ஃபில்ட்டரின் மேலுள்ள திருகைச் சற்றே தளர்த்தி, கைப்பம்ப்பை அழுத்த அழுத்த முதலில் நுரையும் பிறகு தெளிந்த டீசலும் வந்தன. திருகை இறுக்கிய பின் மூன்றாம் முறையில் இன்ஜின் உயிர்பெற்றது.

லோடு இறக்க நேரமாகியும் முக்கால் மணி நேரம் எங்களோடு நின்றவர், பணத்தைத் தொடவே மறுத்து, போட்ட தழைகளையெல்லாம் தாமே அப்புறப்படுத்திவிட்டுக் கிளம்பினார். அவசரத்தில் அவருடைய தகரக் கேன் எங்கள் டிக்கியிலேயே தங்கிவிட்டது. அவரை அறிந்தவர் யாரேனும் இதைப் படித்தால், கேன் கழுவித் துடைத்துப் பத்திரமாக இருக்கிறது என்றும், அம்மா நலமாக இருக்கிறார் என்றும் அவரிடம் சொல்லுங்கள்.